பருத்தி விதைக்கு எந்த ஆசிட்?

(பண்ணை வானொலி உரை)



டிராக்டர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு அனுபவம் இருக்கும். பேட்டரியைக் கழற்றி மாட்டும்போது அதிலிருக்கிற ஆசிட் ஒரு துளி வேட்டியில் தெறித்துவிடும். அன்றைக்கு ஒன்றும் தெரியாது. ஈரப் புள்ளி ஒன்று இருக்கும், அவ்வளவுதான். வேட்டியைக் கழற்றிக் கொடியில் போடுவோம். காயும். நாலு நாள் கழித்துத் துவைத்துக் கசக்கினால், துளி பட்ட இடம் பொத்தலாக வந்து நிற்கும். வீட்டில் எலியின் மேல் பழி போடுவார்கள்.

ஈரமாக இருந்தபோது சும்மா இருந்த துளி, காய்ந்த பிறகு துணியைத் தின்றது எப்படி? பருத்தி போடுகிற ஒவ்வொருவரும் இந்தக் கேள்விக்கு விடை தெரிந்து வைத்திருக்க வேண்டும். ஏனென்றால் வேட்டியும் பருத்திதான், விதையில் ஒட்டியிருக்கும் பஞ்சும் பருத்திதான். விதையில் பஞ்சு நீக்குவதற்கு நாம் பயன்படுத்துவதும் அதே கந்தக அமிலம்தான். இது தெரியாததால் ஒரு விவசாயிக்கு இரண்டு ஏக்கர் போனது. அதில் என் தவறும் உண்டு. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

என் வாயில் விடுபட்ட ஒரு சொல்

நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. விருதுநகர் மாவட்டத்துக் கரிசல் கிராமம் ஒன்றில் மாசிப் பட்டத்துக்கு முன்னால் கூட்டம் போட்டோம். பஞ்சு நீக்கி விதைத்தால் என்ன லாபம் என்று அரை மணி நேரம் பேசினேன். கடைசியில், "ஒரு கிலோ விதைக்கு 100 மில்லி ஆசிட் ஊற்றி, குச்சியால் கிளறி, கழுவி எடுங்கள்" என்று சொல்லி முடித்தேன். எல்லாரும் தலையாட்டினார்கள். நானும் சைக்கிளை எடுத்துக்கொண்டு அடுத்த ஊருக்குப் போய்விட்டேன்.

ஒரு மாதம் கழித்து அந்த ஊருக்குப் போனபோது, முன்வரிசையில் உட்கார்ந்து கேட்ட அண்ணாச்சி ஒருவர் என்னைக் கையைப் பிடித்துத் தோட்டத்துக்கு அழைத்துப் போனார். இரண்டு ஏக்கர். அங்கே ஒன்று, இங்கே ஒன்று என்று செடி நின்றது. மிச்சம் வைத்திருந்த விதையில் 100 எண்ணி, ஈரச் சாக்கில் சுருட்டி வைத்துப் பார்த்தோம். முளைத்தது 11. சான்று பெற்ற ரகப் பருத்தி விதைக்கு 65 சதவீதம் முளைப்பு இருக்க வேண்டும் என்பது சட்டம். 11 என்றால் அது விதையே இல்லை.

"நீங்க சொன்ன மாதிரிதான் சார் செஞ்சேன். ஆறு கிலோவுக்கு 600 மில்லி ஊத்தினேன். பஞ்சு அசையவே இல்ல. இன்னும் ரெண்டு மடங்கு ஊத்தினேன். அரை மணி நேரம் ஊறப் போட்டேன்" என்றார்.

"என்ன ஆசிட் அண்ணாச்சி?"

"பேட்டரி கடையில வாங்கினேன். ஏன் சார், ஆசிட்டுன்னா ஆசிட்டுதானே?"

எனக்குப் பேச்சு வரவில்லை. கூட்டத்தில் நான் சொல்லியிருக்க வேண்டியது "அடர் கந்தக அமிலம்". 'அடர்' என்ற ஒரு சொல்லை விட்டுவிட்டேன். கல்லூரியில் படித்த எனக்கு அது சொல்லாமலே விளங்குகிற சங்கதி. அவருக்கு எப்படி விளங்கும்? மறு விதைப்புக்கு விதையும் கிடைக்கவில்லை, பட்டமும் தவறிவிட்டது. அந்த இரண்டு ஏக்கரிலும் அந்த வருஷம் உளுந்துதான் போட்டார். அன்றிலிருந்து எந்த ஊருக்குப் போனாலும் அந்த ஒரு சொல்லுக்குப் பத்து நிமிஷம் ஒதுக்குகிறேன். இன்றைய பேச்சும் அதற்காகத்தான்.

அளவு வேறு, அடர்த்தி வேறு

கடையில் கிடைக்கும் அடர் கந்தக அமிலத்தில் 100 பங்கு எடைக்கு ஏறத்தாழ 98 பங்கு அமிலம், மிச்சம் தண்ணீர். பேட்டரிக்கு ஊற்றும் ஆசிட்டில் மூன்றில் ஒரு பங்குதான் அமிலம், மூன்றில் இரண்டு பங்கு தண்ணீர். பெயர் ஒன்று, நிறமும் ஏறக்குறைய ஒன்று. தூக்கிப் பார்த்தால் தெரியும்: ஒரு லிட்டர் அடர் அமிலம் 1 கிலோ 840 கிராம் கனக்கும், பேட்டரி ஆசிட் ஒன்றேகால் கிலோதான் இருக்கும்.

"தண்ணியா இருந்தா என்ன, நாலு பங்கு கூட ஊத்தினா சரியாப் போகுமே" என்று தோன்றும். அண்ணாச்சியும் அப்படித்தான் நினைத்தார். கூட ஊற்றினால் பாத்திரத்துக்குள் அமிலத்தின் மொத்த அளவு கூடும், மறுப்பில்லை. ஆனால் ஒரு சொட்டுக்குள் எவ்வளவு அமிலம் நெருக்கி இருக்கிறது என்பது கூடாது. ஒரு படி மோர்த்தண்ணீரை நாலு படி ஆக்கினால் அது தயிராகிவிடுமா? ஒரு சொட்டுக்குள் இருக்கும் நெருக்கத்தைத்தான் அடர்த்தி என்கிறோம். புத்தகத்தில் செறிவு என்று எழுதுவார்கள். பஞ்சு எவ்வளவு வேகமாகக் கரையும் என்பதைத் தீர்மானிப்பது இந்தச் செறிவுதான்.

ஏன் அப்படி? வெள்ளிக்கிழமைச் சந்தையை நினைத்துப் பாருங்கள். மாடு விற்க 50 பேர், வாங்க 50 பேர். சின்னத் திடலுக்குள் இருந்தால் திரும்பின பக்கமெல்லாம் ஒருவரை ஒருவர் சந்திப்பார்கள், பேரம் மளமளவென்று படியும். அதே 100 பேரை ஏரிக்கரை முழுக்கப் பரப்பி விட்டால்? ஆள் எண்ணிக்கை குறையவில்லை, ஆனால் ஒருவர் கண்ணில் ஒருவர் படுவதே அபூர்வம். பேரம் படிய நாள் முழுக்க ஆகும். இரண்டு பொருள்கள் சேர்ந்து மாறுவதும் இப்படித்தான். அவற்றின் நுண்ணிய துகள்கள் ஒன்றோடொன்று மோதினால்தான் மாற்றம் நடக்கும். ஒரே இடத்துக்குள் துகள்கள் நெருக்கமாக இருந்தால் ஒரு நொடியில் நடக்கும் மோதல்கள் அதிகம், வேலையும் வேகமாக நடக்கும். சாதாரணமான மோதல் கணக்குப்படி, விற்பவர் கூட்டம் மட்டும் இரட்டித்தால் சந்திப்பு இரண்டு மடங்கு. விற்பவர், வாங்குபவர் இரண்டு பக்கமும் இரட்டித்தால் நாலு மடங்கு.

வீட்டிலேயே ஒரு சோதனை

இதைச் சும்மா நம்ப வேண்டாம், செய்து பாருங்கள். பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளையும் கூட வைத்துக்கொள்ளலாம். இதில் ஆபத்து இல்லை.

இரண்டு கண்ணாடி டம்ளர் எடுத்துக்கொள்ளுங்கள். நொறுக்கிய முட்டை ஓடு இரண்டிலும் ஒரு சிட்டிகை போடுங்கள். முட்டை புழங்காத வீட்டார் கிளிஞ்சலை நுணுக்கிப் போடலாம். முதல் டம்ளரில் இரண்டு ஸ்பூன் எலுமிச்சைச் சாறு ஊற்றுங்கள். இரண்டாவதில் பத்து ஸ்பூன் தண்ணீரை முதலில் ஊற்றி, பிறகு அதே இரண்டு ஸ்பூன் சாற்றை ஊற்றுங்கள். முதல் டம்ளரில் ஓட்டின் மேல் நுரை கட்டிக் குமிழ் கிளம்பும். இரண்டாவதில் ஒன்றிரண்டு குமிழ் மெதுவாக ஏறும்.

கவனியுங்கள். சாறு இரண்டிலும் ஒரே அளவு, ஓடும் ஒரே அளவு. மாறியது செறிவு மட்டும்தான். கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தால் இன்னொன்றும் தெரியும். முதல் டம்ளரிலும் நுரை வரவரக் குறையும். சாற்றின் புளிப்பு ஓட்டோடு சேர்ந்து செலவாகிறது. செலவாகச் செலவாக மிச்சமிருப்பதன் செறிவு இறங்குகிறது, வேகமும் கூடவே இறங்குகிறது.

இதை முதன்முதலில் கணக்காகப் போட்டவர் ஜெர்மனியைச் சேர்ந்த வில்ஹெல்மி. 1850-ம் ஆண்டு. அவர் எடுத்துக்கொண்டது நமக்குத் தெரிந்த சரக்குதான், சர்க்கரை. சர்க்கரைக் கரைசலில் அமிலம் சேர்த்தால் அது மெதுவாக இரண்டு வேறு சர்க்கரைகளாகப் பிரியும். கரைசலின் வழியே ஒளியை அனுப்பி, அது எவ்வளவு திரும்புகிறது என்று அளந்து, சர்க்கரை எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று அவ்வப்போது கணக்கெடுத்தார். ஒவ்வொரு நேரத்திலும் பிரிகிற அளவு, அப்போது மிச்சமிருக்கிற அளவுக்கு ஏற்றபடி இருந்தது. உதாரணத்துக்கு, 100 பங்கு சர்க்கரையில் முதல் தவணையில் பத்தில் ஒன்று, அதாவது 10 பங்கு பிரிகிறது என்று வைத்துக்கொள்வோம். மிச்சம் 90. அடுத்த தவணையில் பிரிவது 9. அதற்கடுத்து 81-ல் பத்தில் ஒன்று. இப்படிக் குறைந்துகொண்டே போகும். 1864-ம் ஆண்டு முதல் நார்வே நாட்டின் கூல்ட்பெர்க், வாகே என்ற இருவர் இதைப் பொது விதியாக வகுத்தார்கள். ஒரு பொருள் மொத்தம் எத்தனை கிலோ இருக்கிறது என்பதைவிட, ஒரு லிட்டருக்குள் எவ்வளவு நெருங்கி இருக்கிறது என்பதே அதன் வேலைத் திறன் என்று காட்டினார்கள்.

அண்ணாச்சியின் விதைக்கு என்ன நடந்தது?

இப்போது அவர் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லலாம்.

அடர் கந்தக அமிலத்துக்குத் தண்ணீர்த் தாகம் அதிகம். பஞ்சின் உடம்பிலேயே தண்ணீராகப் பிரியக்கூடிய பகுதி இருக்கிறது. அதை இழுத்து, பஞ்சின் கட்டை உடைத்து, இரண்டு மூன்று நிமிஷத்தில் கூழாக்கிக் கருக்கிவிடும். அமிலத்தில் ஏற்கெனவே தண்ணீர் கலந்திருந்தால், தாகம் தீர்ந்த மாடு தொட்டியில் வாய் வைக்காதது போல அது பஞ்சைச் சீண்டாது. அதனால் செறிவு மூன்றில் ஒன்றானால் வேகமும் மூன்றில் ஒன்று என்று எண்ணிவிடக் கூடாது. இந்த அமிலத்தில் வேகம் அதைவிட மிக மிகக் கீழே போய்விடும். சாதாரண வெப்பநிலையில் அரை மணி நேரம் வைத்தும் அண்ணாச்சிக்குப் பஞ்சு போகாதது இதனால்தான்.

"போகாவிட்டால் போகட்டும், விதை ஏன் செத்தது?" என்று கேட்பீர்கள். அங்கேதான் நம் வேட்டி வருகிறது.

பேட்டரி ஆசிட்டில் மூன்றில் இரண்டு பங்கு தண்ணீர் அல்லவா? அரை மணி நேரம் ஊறியதில் அந்தத் தண்ணீர் விதைத்தோலின் வழியாக உள்ளே இறங்கியது. அமிலத்தையும் கூட அழைத்துக்கொண்டு போனது. அந்த வாரம் கிணற்றில் தண்ணீர் குறைவு, ஒரே அலசு அலசி எடுத்தார். பிறகு களத்து வெயிலில் பரப்பினார். வெயிலில் தண்ணீர் ஆவியாகிப் போகும், கந்தக அமிலம் போகாது. தண்ணீர் போகப் போக, தங்கிய அமிலத்தின் செறிவு மணிக்கு மணி ஏறியது. சாயங்காலத்துக்குள் பஞ்சு பழுப்பேறி, கையால் தேய்த்தால் உதிர்ந்தது. "அடடா, வேலை செஞ்சிருச்சே" என்று அவர் சந்தோஷப்பட்டார். வேலை செய்தது உண்மைதான். பஞ்சில் செய்த வேலையை, உள்ளே இறங்கிய அமிலம் முளையிலும் செய்துவிட்டது. வேட்டியில் விழுந்த துளி காய்ந்து ஓட்டை போட்ட அதே கதை.

தண்ணீர் கலந்த ஆசிட் சாது, அடர் ஆசிட் முரடு, ஆகவே விதைக்குச் சாதுதான் நல்லது என்று நினைப்பது சரியல்ல. வேகமாக முடிய வேண்டிய வேலையை மெதுவாக இழுத்தால் விதைக்கு ஆபத்து. அடர் அமிலத்தில் மெல்லிய பஞ்சு முதலில் போய்விடும், கெட்டியான விதைத்தோல் அதற்குப் பிறகுதான் அரிக்கப்படும். இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள சில நிமிஷம்தான் நமக்குக் கிடைத்திருக்கும் அவகாசம். அதற்குள் வேலையை நிறுத்திவிட வேண்டும்.

தண்ணீர் கலந்த அமிலத்தால் பஞ்சு நீக்கும் முறை ஒன்று பெரிய விதை ஆலைகளில் உண்டு. 10 சதவீதம் போன்ற குறைந்த செறிவுள்ள அமிலத்தை விதையில் நனைத்து, மிச்சத்தைச் சுழற்றிப் பிழிந்து எடுத்து, அளவான சூட்டுக் காற்றில் உலர்த்துவார்கள். உலர உலரப் பஞ்சின் மேல் செறிவு ஏறி, பஞ்சு முறுகி உதிரும். உடனே மீதி அமிலத்தை முறிக்கவும் செய்வார்கள். சூடு, நேரம், ஈரம் எல்லாவற்றையும் கருவி வைத்து அளக்கிற இடம் அது. நம் களத்து வெயிலில் அந்தக் கட்டுப்பாடு நடக்காது.

செய்முறை: ஒவ்வொன்றுக்கும் காரணத்தோடு

இப்போது பாக்கெட்டில் வரும் வீரிய ஒட்டுப் பருத்தி விதை பஞ்சு நீக்கி, மருந்து கலந்தே வருகிறது. அதில் நாம் கை வைக்கக் கூடாது. எல்.ஆர்.ஏ. 5166, எஸ்.வி.பி.ஆர். 2 போன்ற ரகங்களையும் நாட்டுப் பருத்தியையும் சொந்த விதையாக எடுத்து வைப்பவர்களுக்குத்தான் இந்தச் செய்முறை.

பலன் என்ன? முன்னெல்லாம் சாணிப்பாலிலும் செம்மண் குழம்பிலும் புரட்டிப் பஞ்சைப் படிய வைத்து ஊன்றினோம். பஞ்சையே நீக்கிவிட்டால் விதை ஒன்றோடொன்று ஒட்டாது, ஊன்றுவது சுலபம். தண்ணீர் சீக்கிரம் உள்ளே இறங்கி முளைப்பு ஒரே சீராக வரும். பஞ்சில் தங்கும் இளஞ்சிவப்புக் காய்ப்புழுவின் முட்டை, புழு, சில நோய்க் கிருமிகள் அழியும். பொக்கு விதை மிதந்து வெளியேறும். அதனால் ஏக்கருக்குப் பஞ்சு விதை 6 கிலோ என்றால், பஞ்சு நீக்கிய விதை 3 கிலோ போதும்.

முதலாவது, விதை நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். வாளியும் குச்சியும் ஈரமில்லாமல் இருக்க வேண்டும். ஈரம் இருந்தால் அமிலத்தின் செறிவு அங்கேயே இறங்கிவிடும், சூடும் கிளம்பும். அமில பாட்டிலையும் மூடியே வையுங்கள். திறந்து கிடந்தால் காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்து வீரியம் குறையும். போன வருஷம் திறந்து வைத்த பாட்டிலை நம்பி இந்த வருஷ விதையைக் கெடுக்க வேண்டாம்.

இரண்டாவது, பிளாஸ்டிக் வாளிதான் வேண்டும். இரும்பு, துத்தநாகம் பூசிய வாளி கூடாது. இங்கே ஒரு வேடிக்கை உண்டு. அடர் கந்தக அமிலம் இரும்பு டாங்கர் லாரியில்தான் ஊருக்கு ஊர் போகிறது, லாரி ஓட்டையாவதில்லை. இரும்பின் மேல் கரையாத ஒரு படலம் படிந்து அதைக் காக்கிறது. அதே அமிலத்தில் தண்ணீர் கலந்தால் படலம் கரைந்து, இரும்பு பொங்கிப் பொங்கி அரிபடும். ஆகவே செறிவு கூடினால் வேகம் கூடும் என்பது பெரும்பாலும் சரி, விலக்கும் உண்டு. நம் வேலையில் கடைசியில் தண்ணீர் சேரத்தான் போகிறது. அதனால்தான் பிளாஸ்டிக்.

மூன்றாவது, ஒரு கிலோ விதைக்கு 100 மில்லி அடர் கந்தக அமிலம் அளந்து, விதையின் மேல் சீராக விடுங்கள். மரக்குச்சியால் இடைவிடாமல் வேகமாகக் கிளறுங்கள். முட்டை ஓட்டில் சாறு செலவானது போல, பஞ்சைத் தின்கிற இடத்தில் அமிலம் செலவாகி நீர்த்துப் போகும். கிளறினால்தான் செலவாகாத அமிலம் அங்கே வந்து சேரும். கிளறாவிட்டால் ஒரு பக்கத்து விதை வெந்துபோகும், மறுபக்கத்து விதை பஞ்சோடு நிற்கும். ஒரு தடவைக்கு ஒன்றிரண்டு கிலோவுக்கு மேல் போடாதீர்கள். கை ஓயாமல் கிளறக்கூடிய அளவே போதும்.

நான்காவது, இரண்டு முதல் மூன்று நிமிஷம். கடிகாரத்தைப் பாருங்கள், விதையையும் பாருங்கள். பஞ்சு போய், விதை பளபளவென்று காப்பித்தூள் நிறத்துக்கு வந்ததும் நிறுத்த வேண்டும். இன்னும் கொஞ்சம் இருக்கட்டுமே என்று ஆசைப்படக் கூடாது.

ஐந்தாவது, நிறுத்துவது எப்படி? தண்ணீரால்தான். செறிவுதான் வேகம் என்று தெரிந்துகொண்டோம், அந்தச் செறிவைச் சட்டென்று இறக்கினால் வேலையும் சட்டென்று நிற்கும். 100 மில்லி அமிலம் 10 லிட்டர் தண்ணீரில் பரவினால் செறிவு நூற்றில் ஒன்றாகிவிடுகிறது. ஆனால் செம்பு செம்பாக ஊற்றக் கூடாது. அமிலமும் கொஞ்சம் தண்ணீரும் சேர்ந்தால் கொதித்துத் தெறிக்கும், விதை வெந்துவிடும், கண்ணுக்கும் ஆபத்து. ஒரு பெரிய பிளாஸ்டிக் தொட்டியில் முன்கூட்டியே தண்ணீர் நிரப்பி வைத்து, விதையை அதற்குள் கொட்டிக் கலக்குங்கள். அமிலம் தண்ணீருக்குள் போகலாம், தண்ணீர் அமிலத்துக்குள் போகக் கூடாது. தண்ணீர் தயாராகும் முன் அமில பாட்டிலைத் திறக்கவே திறக்காதீர்கள்.

ஆறாவது, நாலைந்து முறை கழுவுங்கள். ஒரே முறை பெரிதாகக் கழுவினால் ஆகாதா? கணக்குப் பார்ப்போம். வடித்த பிறகும் விதையில் ஒட்டி, அந்தத் தண்ணீரில் பத்தில் ஒரு பங்கு தங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு முறை கழுவினால் அமிலம் பத்தில் ஒன்று. இரண்டாவது முறை நூற்றில் ஒன்று. நான்காவது முறை பத்தாயிரத்தில் ஒன்று. அந்த நாலு கழுவலுக்கும் செலவான தண்ணீர் முழுவதையும் ஒரே தடவையில் ஊற்றினாலும் நாற்பதில் ஒன்றுதான் ஆகும். தண்ணீர் குறைவாக இருந்தால் பிரித்துக் கழுவுங்கள், முறையைக் குறைக்காதீர்கள். கழுவும்போது மிதக்கும் பொக்கு விதை, உடைந்த விதையை அரித்து எறிந்துவிடுங்கள்.

ஏழாவது, அமிலம் போய்விட்டதா என்று பாருங்கள். கடைசி அலசல் தண்ணீரில் நீல லிட்மஸ் தாளை நனைத்தால் சிவப்பாகக் கூடாது. தாள் கிடைக்காவிட்டால் மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்த ஆரத்தித் தண்ணீர் இருக்கிறதே, அது போதும். ஒரு டம்ளரில் கிணற்று நீர், இன்னொன்றில் அலசல் நீர், இரண்டும் ஒரே அளவு. இரண்டிலும் ஆரத்தித் தண்ணீரை ஒரே எண்ணிக்கைச் சொட்டு விடுங்கள். இரண்டும் ஒரே நிறமாக இருந்தால் சரி. கிணற்று நீர் சிவந்து, அலசல் நீர் மஞ்சளாகவே நின்றால் அமிலம் மிச்சம் இருக்கிறது, இன்னும் கழுவுங்கள். பிறகு விதையை நிழலில் உலர்த்துங்கள்.

கடைசியாக, விதைக்கும் முன் 100 விதை எண்ணி ஈரச் சாக்கில் முளைப்புப் பாருங்கள். அண்ணாச்சி இதைச் செய்திருந்தால் விதை போயிருக்கும், ஆனால் உழவும் கூலியும் தப்பியிருக்கும். இதையும் அன்றைக்கு நான் சொல்லவில்லை.

கைக்கும் கண்ணுக்கும்

அடர் அமிலம் பஞ்சைக் கருக்கும் வேகத்தில் தோலையும் கருக்கும். ரப்பர் கையுறை, காலுக்குச் செருப்பில்லை, மூடிய பூட்ஸ், கண்ணுக்குக் கண்ணாடி இல்லாமல் இறங்காதீர்கள். காற்று உங்கள் முதுகுப் பக்கம் இருக்கும்படி நில்லுங்கள். குழந்தைகளும் ஆடுமாடுகளும் பக்கத்தில் வேண்டாம். உடம்பில் பட்டுவிட்டால் சுண்ணாம்பு தடவக் கூடாது, அது இன்னும் சூட்டைக் கிளப்பும். துணியைக் களைந்துவிட்டு, கால் மணி நேரத்துக்குக் குறையாமல் தண்ணீரை ஓடவிட்டுக் கழுவி, டாக்டரிடம் போங்கள். கண்ணில் பட்டாலும் முதலில் தண்ணீர், உடனே ஆஸ்பத்திரி. கழுவிய தண்ணீரைக் கிணற்றிலோ வாய்க்காலிலோ விடாமல், ஒதுக்குப்புறத்தில் குழி வெட்டிச் சுண்ணாம்பு போட்டு அதில் ஊற்றுங்கள்.

அமிலம் வாங்குவதற்கும் இப்போது கட்டுப்பாடு உண்டு. பெண்கள் மீது நடந்த அமில வீச்சுக் கொடுமைகளை ஒட்டி 2013-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்ட பிறகு, வாங்குபவர் அடையாளச் சான்று காட்டி, எதற்கு வாங்குகிறார் என்று பதிவேட்டில் எழுத வேண்டும். 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்குக் கொடுக்க மாட்டார்கள். இதைத் தொந்தரவாக நினைக்க வேண்டாம். தேவையான அளவு மட்டும் வாங்குங்கள். மீந்ததைப் பூட்டி வையுங்கள். குடிதண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைக்கிற வழக்கம் அறவே கூடாது.

உழவர் பெருமக்களே, அந்த அண்ணாச்சி மறுவருஷம் அதே கூட்டத்துக்கு வந்தார். இந்த முறை நான் அடர் அமிலம் என்று விளக்கிச் சொல்லி, அவர் தோட்டத்து விதையையே எல்லார் முன்னாலும் பஞ்சு நீக்கிக் காட்டினேன். முளைப்புப் பார்த்த பிறகுதான் அவர் விதை போட்டார். என்னையும் பக்கத்தில் நிற்க வைத்து எண்ணச் சொன்னார். 82 முளைத்திருந்தது.

"ஆசிட்டுன்னா ஆசிட்டுதானே" என்று அவர் கேட்டது தவறான கேள்வி இல்லை. கேட்க வேண்டிய கேள்விதான், வாங்குவதற்கு முன்னால் கேட்டிருக்க வேண்டும். உங்கள் ஊருக்கு வரும் எங்களைப் போன்றவர்கள் உரம், மருந்து, அமிலம் என்று எதைச் சொன்னாலும், எத்தனை மில்லி என்பதோடு நிறுத்தாதீர்கள். அது எந்தச் செறிவில், எவ்வளவு தண்ணீருக்கு, எத்தனை நிமிஷத்துக்கு என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். நாங்கள் சொல்ல மறந்தாலும் நீங்கள் கேட்க மறக்க வேண்டாம்.